என் வயிற்றுக்குள் கசிந்த ரத்தமும் கிரேஸ் சிஸ்டரின் கண்ணும்

அவையை அலங்கரித்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், புதுவாயல் பெட்டித் தொழிலாளர் சங்கத்தின் தூணாய், துணையாய், தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் துடிப்பாய் விளங்கும் அண்ணன் தணிகாசலம் அவர்களே! வலப்புறம் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட மருத்துவ மாமணி டாக்டர் மணவாளன் அவர்களே! இடப்புறம் அமர்ந்து, நாளைக் காலை ரயிலேறி நம்மை விட்டுப் பிரியப்போகும் இன்றைய விழாவின் நாயகி, செவிலியர் திலகம் கிரேஸ் சிஸ்டர் அவர்களே! வயற்காட்டிலிருந்து வந்திருக்கும் வாழ்த்துக்குரிய பெரியவர்களே! பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து வலையை உலரப் போட்டுவிட்டு வந்திருக்கும் என் சொந்தங்களே! வணங்கத் தகுந்த தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, மூன்றாவது வரிசையில், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, இவன் என்னத்தை உளறப்போகிறானோ என்று உட்கார்ந்திருக்கும் என் மனைவி எல்லம்மாவே! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் கள்ளிப்பெட்டி அடிக்கும் துலுக்காணத்தின் பணிவான வணக்கம்.

எனக்கு எழுதிப் படிக்க வராது. மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேச முடியும். அது என் வயிறு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருடம் இதே மாதம் இந்த வயிற்றை நினைத்து அழாத ஆள் என் வீட்டில் இல்லை. நெற்றி சுருங்கி, நெஞ்சு நொறுங்கி, நாளை என்பது உண்டா இல்லையா என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். இன்று அதே வயிற்றைத் தட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறேன் என்றால், எப்படி? யாரால்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எழுபத்தாறாம் வருடம், ஆனி மாதம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகப் புகைபோக்கிகள் முளைக்கின்றன. இயந்திரம் வைத்து அனுப்பப் பெட்டி கேட்கிறார்கள். இறால் வியாபாரிகள் ஐஸ் போட்டு அனுப்பப் பெட்டி கேட்கிறார்கள். எங்கள் கொட்டகையில் சுத்தியல் சத்தம் ஓய்வதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி அடித்தவன் நான்காவது பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை வெளுத்தது. உதடு வெளுத்தது. வெளுக்க வேண்டியது எல்லாம் கறுக்கவும், கறுக்க வேண்டியது எல்லாம் வெளுக்கவும் ஆரம்பித்தது.

தாய்மார்கள் என்னை மன்னிக்க வேண்டும். காலையில் வெளிக்குப் போவதைப் பற்றி மேடையில் பேசுவது நாகரிகமல்ல என்று தலைவர் கண்ணாலேயே சொல்கிறார். அண்ணே, அந்த நாகரிகத்தைப் பார்த்துத்தானே நான் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்? கல்கத்தா ரோட்டில் ஊற்றுகிறார்களே தார், அதே கறுப்பு, அதே பிசுபிசுப்பு. அது தாரல்ல, என் ரத்தம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வயிற்றுக்குள் கசியும் ரத்தம் வெளியே வரும்போது சிவப்பாக வராதாம், கறுப்பாக வருமாம். அதை எனக்கு டாக்டரய்யா பிறகுதான் சொன்னார்.

ஆனால் டாக்டரய்யாவுக்கு முன்பே என் நோயைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு வைத்தியர் என் வீட்டிலேயே இருந்தார். இதோ, மூன்றாவது வரிசை.

"யோவ், வாயை ஊது."

"எதுக்குடி?"

"ஊதுய்யான்றேன்."

ஊதினேன். மோந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படியும் விடுவாளா?

"வெத்தலை போட்டு மறைச்சிக்கினு வந்துட்டியா? ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராப் பக்கம் போய்க் குடிச்சிட்டு வர்றே நீ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா? குடல் வெந்துபோய்த்தான்யா நீ இப்படி ஆயிட்டே!"

மதுவிலக்கு அமலில் இருக்கிற நாட்டில், மனைவி அமலில் இருக்கிற வீட்டில், நான் எங்கே போய்க் குடிப்பேன்? சொல்லுங்கள்! தினம் மாலை என் வாய் பரிசோதனைக்கு உள்ளானது. கைதியைக்கூட வாரத்துக்கு ஒரு முறைதான் சோதிப்பார்கள்.

கடைசியில் இழுத்துக்கொண்டு போனாள் மருத்துவமனைக்கு. டாக்டரய்யா கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"சாராயம் குடிப்பியாப்பா?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன், "குடிப்பாருங்க" என்றாள் இவள்.

"இல்லீங்கய்யா" என்றேன்.

"மறைப்பாருங்க" என்றாள்.

அன்றே என்னை வார்டில் சேர்த்துக்கொண்டு, டாக்டரய்யா என் வயிற்றுக்குள் ஒரு திருடனைத் தேடத் தொடங்கினார். எந்தக் கேள்வியைத்தான் அவர் விட்டார்? வயிறு எரிகிறதா என்றார், குடற்புண்ணா என்று பார்க்க. வெறுங்காலோடு நடக்கிறாயா என்றார், கால் வழியே நுழைந்து குடலில் தொங்கி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவா என்று பார்க்க. தலைவலி மாத்திரை அடிக்கடி விழுங்குகிறாயா என்றார், அதுவும் இரைப்பையை அரிக்குமாம். மூக்கில் ரத்தம் வடிகிறதா என்றார், மூக்கு ரத்தத்தைத் தூக்கத்தில் விழுங்கினாலும் மறுநாள் கறுக்குமாம். மூலமா என்று பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதை மட்டும் நான் இந்த மேடையில் சொல்ல மாட்டேன். தலைவர் நிம்மதியாக உட்காரலாம்.

ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை தந்தார். பிறகு அவரே, "இந்த மாத்திரை தின்னாலும் கறுப்பாத்தான்பா போகும். நம்மை ஏமாத்திடும். பத்து நாள் நிறுத்து. அப்பவும் கறுத்தா அது ரத்தம்தான்" என்றார். நிறுத்தினேன். கறுத்தது. புழு மருந்து கொடுத்தார். குடித்தேன். கறுத்தது. பாலும் மோரும் குழைந்த சோறும் தின்னச் சொன்னார். மிளகாயைக் கண்ணால் பார்க்காமல் இரண்டு மாதம் தின்றேன். கறுத்தது! காசநோயோ என்று நெஞ்சைப் படம் பிடிக்கச் சொன்னார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. அந்தப் படத்தை ஒரு சாண் கீழே பிடித்திருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். கதை என்றுதான் சொன்னேன். ஆளை அல்ல!

ஐந்து மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை டாக்டரய்யா என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்று பேசும் டாக்டர் உட்கார்ந்தால் நோயாளிக்கு நல்லதல்ல என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"துலுக்காணம், ரத்தம் எங்க கசியுதுன்னு எனக்குத் தெரியலைப்பா. பட்டணத்துப் பெரிய டாக்டருங்களைக் கேட்டுட்டேன். மருந்துக்கு அடங்காத குடற்புண்ணாத்தான் இருக்கணும்னு சொல்றாங்க. இரைப்பையில பாதியை வெட்டி எடுத்திடலாம்னு முடிவு. திங்கட்கிழமை உனக்குக் கட்டில் தர்றாங்க."

"பொழச்சிக்குவேனுங்களா?"

"உடம்புல ரத்தம் ரொம்பக் குறைச்சலா இருக்கு. அறுக்கிறதும் ஆபத்து. அறுக்காம விடுறதும் ஆபத்து."

பெரியோர்களே! எத்தனை படித்த மனிதர்கள் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வார்கள்? தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி, தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லையா இந்த உலகில்? இந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு தெரியவில்லை என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

ஆனால் என் எல்லம்மா இருக்கிறாளே, அவள் அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள். டாக்டரின் காலண்டை உட்கார்ந்துவிட்டாள்.

"பாதி வயித்துக்குச் சோறு வடிக்க எனக்குத் தெரியாதுங்க சாமி. முழுசாக் குடுத்துடுங்க."

முகத்தை மூடாதே எல்லம்மா. நீ அன்று கேட்டதைத்தான் இன்று ஊருக்கே சொல்கிறேன். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் நீ என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல சொல் அதுதான்!

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாவைப் பற்றி நினைத்துக்கொண்டு சும்மா படுத்திருப்பது எனக்கு வராது. வார்டில் சிஸ்டர் உட்கார்ந்து எழுதும் ஸ்டூல் ஒன்று உண்டு. ஒரு கால் ஆடும். ஐந்து மாதமாக அது ஆடுவதைப் பார்த்துப் பார்த்து என் கை அரித்தது. அந்த நேரம் பார்த்து என் கூட்டாளி செங்கல்வராயன், வேலைக்குப் போகிற வழியில், தோளில் சாமான் பையோடு என்னைப் பார்க்க வந்தான்.

"மச்சான், சுத்தியலைக் குடு."

"இன்னாத்துக்கு? கெடய்யா ஒயுங்கா. திங்கக்கெயமை வயித்தை அறுக்கப் போறாங்க, இவரு பொட்டி அடிக்கப் போறாராம்!"

"போறதுக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போறேன்டா. ஆணியும் குடு."

தரையில் உட்கார்ந்தேன். ஸ்டூலைக் கவிழ்த்தேன். ஆணியை அள்ளி வாயில் போட்டேன்.

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெட்டிக்காரர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். பெட்டி அடிப்பவனுக்கு ஒரு கையில் சுத்தியல், மறு கையில் பலகை. மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. ஆகவே வாய்! பத்து இருபது ஆணியை வாயில் போட்டு, நாக்காலேயே ஒவ்வொன்றாகப் புரட்டி, கொண்டை வெளியே தெரியும்படி உதட்டு ஓரத்துக்குத் தள்ளினால், விரல் வந்து வாங்கும், சுத்தியல் வந்து வழியனுப்பும். எடுக்க, அடிக்க, எடுக்க, அடிக்க! குனிந்து தரையில் பொறுக்குகிறவன் இருபது பெட்டி அடிப்பான், வாயில் வைத்திருக்கிறவன் நாற்பது அடிப்பான். பதினைந்து வயதில் பழகினேன். முப்பது வருடமாக என் வாய் ஆணிப்பெட்டி.

அந்தக் கோலத்தில்தான் கிரேஸ் சிஸ்டர் உள்ளே வந்தார். மருந்துத் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"துலுக்காணம், வாயில என்ன?"

"ம்ம்" என்றேன்.

"துப்புங்க. கையில துப்புங்க."

துப்பினேன். ஏழு ஆணி. ஒன்றேகால் அங்குலம்.

"தினமும் இப்படித்தானா?"

"முப்பது வருசமா இப்படித்தான் சிஸ்டர்."

"முழுங்கினதே இல்லையா?"

"சத்தியமா இல்ல. முழுங்கினா தெரியாதா? தொண்டையைக் கீசிக்கினு போவாதா?"

நான் சொன்னதை அவர் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. செங்கல்வராயன் பக்கம் திரும்பினார்.

"வாயில ஆணி இருக்கும்போது இவர் பேசுவாரா?"

என்னைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்த பங்காளி போல் அவன் பதில் சொன்னான்.

"பேசறதா? இவரு வாய் மூடி நான் பாத்ததே இல்ல சிஸ்டரம்மா. ஆணியோடவே பேசுவாரு, ஆணியோடவே பாடுவாரு, எங்களை நக்கல் பண்ணிட்டு ஆணியோடவே சிரிப்பாரு. பேஜாரு புடிச்ச மனுசன். ஒரு தபா ஆணி வாயிலே இருக்கசொல்லோ டீயே குடிச்சாரு!"

தட்டைக் கீழே வைத்தார் சிஸ்டர். நடந்து போகிறவர் ஓடிப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரய்யா வந்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ஆணியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். யார் தலையில்? தன் தலையில்தான்.

"என்ன வேலைன்னு முதல் நாளே கேட்டேனேப்பா."

"பொட்டி அடிக்கிறேன்னு சொன்னேனுங்களே."

"சொன்ன. எப்படி அடிப்பேன்னு நீ சொல்லல. நானும் கேக்கல."

அவையோரே, இதைக் கவனியுங்கள். அவர் நூறு கேள்வி கேட்டார். எதைத் தின்கிறாய், எதைக் குடிக்கிறாய் என்று கேட்டார். ஆணியை நான் தின்றதில்லை, குடித்ததில்லை, அது என் கைக்கு உதவியாக என் வாயில் இருந்தது, அவ்வளவுதான். அதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? நாம் தினம் செய்வது நம் கண்ணுக்கே தெரிவதில்லை. மூச்சு விடுகிறேன் என்று யாராவது தனியாகச் சொல்கிறோமா?

சனிக்கிழமை காலை. எல்லம்மா என்னைத் தாங்கிக்கொண்டு பஸ் ஏற்றினாள். பெரியபாளையம் வழியே திருவள்ளூர். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் என் வயிற்றைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். அங்கே இந்த முறை நெஞ்சை விட்டு வயிற்றைப் படம் பிடித்தார்கள். படம் பிடித்தவர் உள்ளே போனார், திரும்பி வந்தார், கோபமாக.

"யோவ், பையில ஆணி வெச்சிக்கினு வந்து படுத்தியா? படம் வீணாப் போச்சு!"

"நான் சட்டையே போடலீங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். மேலே வெறும் உடம்பு, கீழே வேட்டி. அந்த வேட்டிக்குப் பையேது?

படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பான படத்தில் வெள்ளையாய் ஒரு கோடு. தலையில் கொண்டை, அடியில் கூர். முப்பது வருடம் பழகிய முகம், எனக்கா தெரியாது? ஒன்றேகால் அங்குல ஆணி!

ஐயா, உன் உடம்பில் இரும்பு இல்லை, இரும்பு இல்லை என்று ஐந்து மாதம் மாத்திரை தந்தீர்களே! இரும்பு இருந்தது ஐயா, ஒன்றேகால் அங்குலத்துக்கு இருந்தது. சத்துதான் இல்லை!

(கைதட்டுங்கள், டாக்டரய்யாவே சிரிக்கிறார்.)

அந்தப் படத்தின் முன்னால் எல்லம்மா என்ன கேட்டாள் தெரியுமா?

"அப்போ நீ குடிக்கலையா?"

"இல்லடி."

"அதை மொதல்லியே சொல்றதுக்கின்னா உனக்கு?"

இந்த நீதிமன்றத்தில் மேல் முறையீடு கிடையாது, பெரியோர்களே.

திங்கட்கிழமை பட்டணம். செங்கல்வராயன் கூடவே வந்து ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான். வெட்ட வேண்டியது பாதி வயிறல்ல, எடுக்க வேண்டியது ஓர் ஆணி என்று டாக்டரய்யா கடிதம் எழுதி, படத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தை மடித்து எல்லம்மா இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். இரைப்பைக்குக் கீழே குடல் வளைகிற இடத்தில், ஆணி குறுக்கே மாட்டிக்கொண்டு, நான் ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் சுவரைக் குத்திக் குத்தி ரத்தம் கசியவிட்டிருந்தது. சிறிதாய்த் திறந்தார்கள். எடுத்தார்கள். தைத்தார்கள். கண் விழித்தேன். வயிறு முழுசாக இருந்தது. எட்டாம் நாள் காலை, தாய்மார்களே மறுபடியும் மன்னியுங்கள், அந்த நிறத்தைப் பார்த்து என் எல்லம்மா கற்பூரம் ஏற்றாத குறை!

எப்போது விழுங்கினேன்? படுக்கையில் கிடந்து யோசித்தேன். வந்தது நினைவுக்கு. வைகாசியில் ஒரு நாள், கும்மிடிப்பூண்டிப் பெட்டிகள் அவசரம். வாய் நிறைய ஆணி. அந்த நேரம் இந்தச் செங்கல்வராயன் புதிதாய் மீசை வளர்த்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். சும்மா இருக்க முடியுமா என்னால்? "மச்சான், மூக்குக்குக் கீழ கம்பளிப்பூச்சி ஊர்து, தட்டி உடுடா" என்றேன். கொட்டகையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் நான். சிரித்த வேகத்தில் தொண்டையில் ஏதோ சுருக்கென்றது. டீயைக் குடித்தேன். போய்விட்டது. போய்விட்டது என்று நினைத்தேன்! ஊரையெல்லாம் கேலி பண்ணினேன், என் கேலி எனக்குள்ளேயே இறங்கி என்னைக் குத்தியது.

இப்போது ஒரு கேள்வி. பெட்டிக்காரத் தோழர்களே, உண்மையைச் சொல்லுங்கள். என் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பிறகும், இன்று காலை ஆணியை வாயில் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள்.

தூக்குங்கள், வெட்கம் வேண்டாம். ஒன்று, இரண்டு, ஐந்து... போதும், போதும்! அடப்பாவி, செங்கல்வராயா, நீயுமா? என் படத்தைக் கண்ணால் பார்த்தவனாயிற்றே நீ! என்ன சொல்கிறாய்? "பொட்டி எண்ணிக்கை கொறையுமே மச்சான்" என்கிறாயா?

குறையும். எனக்கும் குறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சிஸ்டர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். படகுப்பாய்த் துணியில் ஒரு பை, இடுப்பில் கட்டிக்கொள்ள, வாய் அகலமாக, இடது விரல் பார்க்காமலே உள்ளே போய் வருகிற மாதிரி. எல்லம்மா தைத்தாள். முதல் வாரம் எட்டுப் பெட்டி குறைந்தது. இரண்டாம் வாரம் மூன்று குறைந்தது. ஒரு மாதத்தில் பழைய நாற்பது வந்துவிட்டது. வாய் சும்மா இருப்பதால் கூடுதலாகக் கேலி வேறு பண்ண முடிகிறது! சங்கத்தில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பை தைத்து அந்த மேசையில் வைத்திருக்கிறாள் என் மனைவி. கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். எடுக்காதவன் வாயை நாளையிலிருந்து எல்லம்மா மோந்து பார்ப்பாள்!

மாறியது நாம் மட்டுமல்ல. டாக்டரய்யாவும் மாறியிருக்கிறார். இப்போதெல்லாம் யார் போனாலும் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, "செஞ்சு காட்டு" என்கிறார். போன வாரம் ஏரிக்கரையிலிருந்து போன என் சித்தப்பா மகன், வலை வீசுவதைச் செய்து காட்டுகிறேன் என்று கட்டில் விரிப்பை எடுத்து வீசி டாக்டரய்யாவையே பிடித்துவிட்டான். பிடிபட்டவர் கோபிக்கவில்லை. விரிப்புக்குள்ளிருந்தே, "தோள்தான்பா வலிக்குதுன்னே, இடுப்பை இவ்வளவு முறுக்குறியே" என்றாராம்.

கிரேஸ் சிஸ்டர் அவர்களே! பெரிய பெரிய படிப்புகள் என் வயிற்றைத் தேடின. பெரிய பெரிய மருந்துகள் என் வயிற்றுக்குள் போய்த் தேடின. தேடியதில் தவறில்லை. திருடன் அங்கேதான் இருந்தான், அவன் எந்த வழியாக நுழைந்தான் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் வயிற்றைப் பார்க்கவில்லை. நோயாளியைப் பார்த்தீர்கள். நோயாளிக்குள் இருந்த வேலைக்காரனைப் பார்த்தீர்கள். அவன் குந்தியிருந்ததைப் பார்த்தீர்கள், அவன் கையைப் பார்த்தீர்கள், அவன் வாயைப் பார்த்தீர்கள். பார்த்ததை அற்பம் என்று தள்ளாமல் ஓடிப்போய்ச் சொன்னீர்கள். சொன்னதை ஒரு நர்ஸ் சொன்னதுதானே என்று தள்ளாமல் டாக்டரய்யா கேட்டார். அந்த இரண்டு நல்ல குணங்களுக்கு நடுவில்தான் என் உயிர் தப்பியது!

உழைக்கிறவனுக்கு வரும் நோய் அவன் உழைப்பின் வழியாகவே வருகிறது, தோழர்களே! உப்பளத்தில் நிற்கிறவன் காலில் வருகிறது, நாற்று நடுகிறவள் இடுப்பில் வருகிறது, புகைபோக்கியின் அடியில் நிற்கிறவன் நெஞ்சில் வருகிறது. அதை யார் பார்ப்பது? யார் கேட்பது? முதலில் நாம் சொல்ல வேண்டாமா? என்ன வேலை என்பதோடு நிறுத்தாமல், எப்படிச் செய்கிறோம் என்று நாம் சொன்னால் அல்லவா அவர்கள் கண்டுபிடிக்க முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, வேலையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே, அதை விடுங்கள்! கறை படிந்த கையோடு போங்கள்! கருவியோடு போங்கள்! கூச்சத்தைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போங்கள்! ரத்தம் கறுத்தால் மறுநாளே போங்கள், என்னைப் போல் இரண்டு மாதம் நாகரிகம் பார்க்காதீர்கள்!

சிஸ்டர், நாளைக்கு நீங்கள் ரயில் ஏறுகிறீர்கள். போகிற ஊரில் எந்தத் தொழில் நடக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் ஒருவன் படுத்திருப்பான், அவன் நோய் யாருக்கும் புரியாமல். அவன் பெண்டாட்டி அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாள். அவனிடம் உங்களை அனுப்பி வைக்கிறோம். எங்களுக்கு வருத்தம்தான். அவனுக்கு நல்ல காலம்!

தலைவர் மணியடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். முடிக்கிறேன். என்னைப் பேச அழைத்த சங்கத்துக்கும், தன் ரத்தத்தில் ஒரு பாட்டிலை எனக்குத் தந்துவிட்டு இன்னும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கும் செங்கல்வராயனுக்கும், தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த டாக்டரய்யாவுக்கும், முழு வயிற்றுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கும் எல்லம்மாவுக்கும், பார்க்கத் தெரிந்த கண்ணுக்குச் சொந்தக்காரரான கிரேஸ் சிஸ்டருக்கும், இத்தனை நேரம் என் வயிற்றைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், முப்பது வருடம் ஆணி சுமந்த, இன்று ஓர் ஆணிகூட இல்லாத இந்த வாயால் சொல்கிறேன்: நன்றி! வணக்கம்!